உயிரோடு இருந்தவனுக்கு வெட்டிய மரம்

ரௌனோ குயிக்காவைத் திட்டாத வாய் ஹாபலா ஊரில் கிடையாது. அதே வாய்கள்தான் இருபது வருஷம் அவனுக்காக ஓட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிக்கொண்டவை. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அவன் அப்பா அந்த வட்டாரத்தில் ஏர்க் கட்சிக்கு முதல் கிளை தொடங்கிய மனிதர். கட்சிக்குக் காகிதத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஊர் வாய்க்கு அது ஏர்க் கட்சிதான். மீசை முளைக்காத வயசிலேயே ரௌனோ பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு அப்பாவின் பின்னால் பண்ணை பண்ணையாகப் போனவன். அப்புறம் ஊராட்சி மன்றம், அப்புறம் பால் பண்ணைத் தலைவர் பதவி, அப்புறம் ஹெல்சின்கி நாடாளுமன்றம் என்று படிப்படியாக ஏறினான். தேர்தல் வந்தால் கடைத்தெருவில் பெரிய அண்டாவில் பட்டாணி சூப் கொதிக்கும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊற்றுவார்கள். அந்த அண்டாவில் கரண்டி பிடித்தவள் அவன் மனைவி ஹில்க்கா. "உன் பேச்சுக்கு விழுந்த ஓட்டைவிட என் சூப்புக்கு விழுந்த ஓட்டுதான் ஜாஸ்தி" என்பாள். ரௌனோ அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

இப்படி இருபது வருஷம் ஓடியபின், ஏர்க் கட்சியின் தலைமையே தன் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் இருந்த ஹாபலா பால் பண்ணையை மூடிவிடலாம் என்று தீர்மானித்தது. நஷ்டமாம். ரௌனோ கட்சிக் கூட்டத்தில் எழுந்து மேஜையைத் தட்டினான், கத்தினான், கெஞ்சினான். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அந்த நேரம் பார்த்து ஆளும் நகரக் கட்சி அவனைக் கூப்பிட்டது. எங்கள் பக்கம் வா, அரசுப் பணம் கொடுத்துப் பண்ணையை மூடாமல் காப்பாற்றுகிறோம், உனக்கு ஒரு மந்திரி நாற்காலியும் உண்டு என்றது. செப்டம்பரில் ஒரு மாலை, தொலைக்காட்சிச் செய்தியில் ரௌனோ நகரக் கட்சித் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். ஹில்க்கா அதை ஊரோடு ஊராகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தொலைபேசி அடித்தது.

"பால் பண்ணை நிக்கும், ஹில்க்கா" என்றான்.

"நீ நிப்பியா?"

"என்ன பேச்சு இது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா மந்திரியாரே? டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு நான் என்ன வாக்காளரா?"

"சொல்லியிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே. நீ வேண்டாம்னு சொன்னா எனக்குத் தைரியம் வந்திருக்காது."

 ஹில்க்கா படக்கென்று ரிசீவரை வைத்தாள்.

சொன்னபடி பால் பண்ணை நின்றது. ஊர்க்காரர்கள் காலையில் அங்கே போய்ப் பால் ஊற்றினார்கள், ஊற்றிவிட்டு வெளியே வந்து அவனைத் திட்டினார்கள். கட்சி மாறினவனை எங்கள் பக்கத்தில் கோட்டைத் திருப்பிப் போட்டவன் என்போம். தைமியின் கடையில் ஹில்க்கா நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "உன் மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல ஹில்க்கா" என்று தைமி மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் அவளைச் சுட்டது.

குயிக்கா வீடு ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்தின் நுனியில் இருக்கிறது. வீட்டுக்குப் போக ஒரே பாதை. அந்த நிலம் குறுகத் தொடங்கும் இடத்தில், பாதையை ஒட்டி ஒரு பெரிய பைன் மரம். ஹில்க்காவின் சமையலறை ஜன்னலில் நின்றால், கரைக்குள் வளைந்து வந்திருக்கும் ஏரித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அது நேராகத் தெரியும். அது குயிக்கா குடும்பத்தின் கர்சிக்கோ மரம். அந்தக் காலத்தில் வீட்டிலிருந்து பிணம் புறப்பட்டால் அந்த மரத்தடியில் வண்டி நிற்கும். கீழ்க் கிளைகளை வெட்டித் தள்ளுவார்கள். பட்டையைச் சீவி, செத்தவர் பேரின் முதல் எழுத்தையும் பிறந்த வருஷம் செத்த வருஷத்தையும் கத்தியால் வெட்டி, அடியில் ஒரு சிலுவை போடுவார்கள். ஆளுக்கு ஒரு வாய் சாராயம் குடித்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போவார்கள். செத்தவருக்கும் வீட்டு ஞாபகம் வரும் இல்லையா? என்றைக்காவது ஒருநாள் கல்லறையை விட்டு எழுந்து வீட்டைப் பார்க்க நடப்பார். மரத்தடிக்கு வந்ததும் தன் பேரைப் பார்ப்பார். ஓ, நாம்தான் செத்துவிட்டோமே என்று நினைவு வரும். திரும்பிப் போய்விடுவார். மரம் இருப்பதே அதற்குத்தான். கடைசியாக அதில் பேர் வெட்டியது ரௌனோவின் அப்பாவுக்கு. அதற்கப்புறம் பிணங்கள் மோட்டார் வண்டியில் போக ஆரம்பித்தன. யாரும் நிறுத்துவதில்லை. ஆனாலும் அந்த மரத்தின் பக்கம் கோடாலி கொண்டு போகவும் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அக்டோபரில் ரௌனோ சனிக்கிழமை வருவதாகச் சொன்னான். கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று ஹில்க்கா சவுனா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டினாள். ஏரி மீனை ரை தானிய மாவுக்குள் பொதிந்து, அவனுக்குப் பிடித்த மாதிரி பன்றிக் கொழுப்பு தாராளமாக வைத்து, அடுப்பில் சுட்டாள். வந்ததும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத்தான் சாப்பாடு போடுவது என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டாள். நாலு மணிக்கு மேல், பொழுது மங்கும் நேரத்தில், மரத்தடியில் கார் விளக்கு தெரிந்தது.

கார் நின்றது. ரௌனோ இறங்கினான். மரத்துக்கு நேராகப் போய் நின்றான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு தொப்பியை மாட்டினான், காரைத் திருப்பினான், போய்விட்டான்.

"பயந்தாங்கொள்ளி!" என்று ஹில்க்கா ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "மரத்தடி வரைக்கும் வந்துட்டு ஏன் திரும்பிப் போனே? பொண்டாட்டி கடிச்சிடுவான்னு பயமா?"

"எந்த மரம்?"

"நம்ம மரம்தான்! வேற எது?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நான் வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்கேயோ ஒரு இடத்தில, இருக்க வேண்டிய இடத்துக்குப் போகணும்னு ஞாபகம் வந்துடுச்சு. போயிட்டேன்."

"எந்த இடத்துக்கு?"

"அதுதான் எனக்கும் தெரியல, ஹில்க்கா." அவன் குரலில் பொய் இல்லை. முப்பது வருஷம் அரசியல்வாதியோடு குடும்பம் நடத்தியவளுக்குப் பொய் எப்படி இருக்கும் என்று தெரியாதா என்ன?

அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். கார் வரும், நிற்கும், அவன் தொப்பியைக் கழற்றுவான், போய்விடுவான். ஒரு தடவை அவள் வாசலுக்கு ஓடிப்போய்த் தண்ணீரைத் தாண்டிக் கேட்கும்படி அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவன் தலையைக்கூடத் திருப்பவில்லை. வேறு பெண் யாராவது இருப்பாளோ என்றுகூட நினைத்துப் பார்த்தாள். அப்படி இருந்தால் அவன் மரத்தடியில் ஏன் தொப்பியைக் கழற்ற வேண்டும்?

அதுவரை கடைக்குப் படகிலேயே போய்வந்தவள், ஏரி உறையத் தொடங்கி முதல் பனி விழுந்த அன்று மரத்தடிக்கு நடந்தாள். கிளைகள் புதிதாக வெட்டப்பட்டுக் கீழே கிடந்தன. மாமனார் பேருக்குக் கீழே பட்டை சீவப்பட்டிருந்தது. ரௌனோ பேரின் முதல் எழுத்துகள், அவன் பிறந்த வருஷம், ஒரு கோடு, இந்த வருஷம். அதற்கடியில் சிலுவை. வெட்டு வாயிலிருந்து பிசின் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் பிசின் கல்லாக உறைந்திருக்க வேண்டும். தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது. ஹில்க்கா அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

யார் கைவேலை என்று கேட்கத் தேவையில்லை. ஏர்க் கட்சிக் கிளைத் தலைவர் உர்ப்போ, ரௌனோவோடு ஒரே படகில் மீன் பிடித்து வளர்ந்தவன், அந்த ஊரில் அவனைப்போல நேராகக் கோடு இழுக்க யாருக்கும் வராது. அவள் நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

"வா ஹில்க்கா. காப்பி குடி."

"காப்பி கிடக்கட்டும்."

உர்ப்போ கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்தான். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் காப்பியை வேண்டாம் என்றால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"மரத்தில வெட்டினது யாரு?"

"எந்த மரத்தில?"

"காட்டில இருக்கிற மரத்தையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லணுமா? மென்னு முழுங்காதே உர்ப்போ."

அவன் தாடையைச் சொறிந்தான். ஜன்னலைப் பார்த்தான். "சும்மா விளையாட்டுக்குத்தான். கிளைக் கூட்டம் முடிஞ்சுது. நம்மளைப் பொறுத்த வரைக்கும் அவன் செத்தான்னு ஒருத்தன் சொன்னான். செத்தவனுக்கு மரம் வெட்டணும்லன்னு இன்னொருத்தன் சொன்னான். எல்லாரும் சிரிச்சோம். ஆளுக்கு ஒரு வாய் ஊத்திக்கிட்டோம். போனோம்."

"உயிரோட இருக்கிறவங்களுக்கும் வெட்டறது உண்டு. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினவனுக்கு வெட்டியிருக்காங்க. நல்லபடியா போய்ட்டு வான்னு வெட்டறது. அதில சிலுவை இருக்காது." அவள் குரல் உடைந்தது. "சிலுவை ஏன் போட்டீங்க?"

 "நான்தான் போட்டேன்" என்றான் உர்ப்போ. "பேர் வெட்டியாச்சு. வருஷம் வெட்டியாச்சு. அடியில காலியா இருந்துச்சு. அரைகுறையா விட்டுட்டு வர மனசு கேக்கல, ஹில்க்கா. எந்த வேலையும் திருத்தமா செய்யணும்ல?"

அவளுக்கு அழுகையும் வந்தது, பளாரென்று ஒன்று வைக்கக் கையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, ரௌனோ மரத்தடி வரை வந்து வந்து திரும்புவதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல உர்ப்போவின் முகம் வெளுத்தது.

"அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றான். "அவ்வளவு வருஷப் பழக்கம். டிவியைப் பாத்துத்தானே தெரிஞ்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட மட்டும் சொன்னானாக்கும்!"

அன்றைக்கே இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். உர்ப்போ இழைப்புளியால் எழுத்தைச் சீவினான். சீவின இடத்துக்கு அடியில் அதே எழுத்து இருந்தது. இன்னும் ஆழமாகச் சீவினான். அங்கேயும் இருந்தது, முன்னைவிடக் கறுப்பாக. அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கோடாலியை எடுத்து அடிமரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான். இரண்டாவது வெட்டுக்கு ஓங்கினவன், என்ன தோன்றியதோ, கோடாலியைத் தோளிலேயே நிறுத்திவிட்டான். சாயங்காலம் ஹெல்சின்கியிலிருந்து யாரோ தொலைபேசியில் ஹில்க்காவைக் கூப்பிட்டார்கள். மந்திரி தாழ்வாரத்தில் நடக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாராம், இப்போது பரவாயில்லையாம், பயப்பட ஒன்றும் இல்லையாம். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அதற்கப்புறம் கோடாலிப் பேச்சே எடுக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே வழி. உர்ப்போதான் சொன்னான். "கட்சிக்குச் செத்தான்னுதான வெட்டினோம்? திரும்பக் கட்சிக்கு வந்துட்டா மரத்துக்கு அவன் மேல என்ன உரிமை?"

ஹில்க்கா தொலைபேசியில் எல்லாவற்றையும் ரௌனோவிடம் சொன்னாள். அவன் சிரித்தான். பழைய சிரிப்புதான், ஆனால் கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல இருந்தது. "ஒரு தடவை திருப்பின கோட்டு, ஹில்க்கா. இன்னொரு தடவை திருப்பினா கிழிஞ்சுடும்."

"உன் உயிரைப் பத்திப் பேசறேன், நீ கோட்டைப் பத்திப் பேசறியா?"

"நான் திரும்பினா பால் பண்ணையை மூடிடுவாங்க. அதுக்காகத்தான போனேன்? நான் செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே தப்புன்னு எப்படிச் சொல்றது?" பிறகு சாதாரணமாகச் சொன்னான்: "அங்க அமைதியா இருக்கு, ஹில்க்கா. அங்க கட்சியே கிடையாது."

"எங்க?" என்றாள்.

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னவள் தைமி. கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஹில்க்காவின் காதோடு சொன்னாள். "உன் வீட்டுக்காரர் காரு கல்லறைத் தோட்டத்து வாசல்ல நிக்குது, சனிக்கிழமை சனிக்கிழமை. அவங்க அப்பா பக்கத்தில பனியில உக்காந்திருக்காரு. முன்னாடி கொஞ்ச நேரம்தான் இருந்தாரு. போன வாரம் அவரு மேல பனி மூடற வரைக்கும் இருந்தாரு. சர்ச்சு வேலைக்காரன்தான் உலுக்கி எழுப்பி அனுப்பினான். எனக்கு என்னமோ சரியாப் படல, ஹில்க்கா."

ஹில்க்காவுக்கு அப்போதுதான் முழுசும் விளங்கிற்று. மரம் அவனை ஹெல்சின்கிக்கா திருப்பி அனுப்பியது? செத்தவர்கள் எங்கே போவார்களோ அங்கேதான் அனுப்பியது. ஒருநாள் உலுக்கி எழுப்ப ஆள் இருக்க மாட்டான்.

டிசம்பர் ஆறாம் தேதி, சுதந்திர தினத்தன்று ஜனாதிபதி மாளிகை விருந்துக்கு அவளுக்கும் அழைப்பு வந்திருந்தது. முதலில் வந்த கோபத்தில், "உன் புதுக் கூட்டாளிங்களோட நீயே போய்க் கை குலுக்கு" என்று சொல்லிவிட்டிருந்தாள். இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்து நொந்தாள். நாடே பார்க்கிற நிகழ்ச்சி. வரிசையாக வந்து ஜனாதிபதியிடம் கை குலுக்குகிறார்கள், அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பேராகச் சொல்கிறார். ரௌனோ வந்தான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கையை நீட்டினான். அறிவிப்பாளர் அவனுக்கு முன்னால் போன தம்பதியின் பேரைச் சொன்னார், பின்னால் வந்த தம்பதியின் பேரைச் சொன்னார். ஜனாதிபதியின் கை அவனைத் தாண்டிப் பின்னால் வந்தவரின் கையைப் பிடித்தது. அவமதிப்பு இல்லை, கோபம் இல்லை. அங்கே ஆள் நிற்பதே தெரியாத மாதிரி இருந்தது. ரௌனோ நீட்டின கையை மெல்ல மடக்கிக்கொண்டு நகர்ந்தான்.

அவள் அழுதாள். "நான் பக்கத்தில இருந்திருக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள்.

மறுநாளே அவனைக் கூப்பிட்டு, "நீ வராதே, நான் வரேன்" என்றாள். அவன் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டில்தான் இருப்பேன் என்றான், பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறியதில்லை என்றான். அவள் கத்தினாள். அவன் அன்பாக, பிடிவாதமாக, "வந்துடுவேன்" என்றான்.

அன்று மத்தியானமே இருட்டத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். தூரத்தில் அந்த மேடு முழுக்க மினுமினுவென்று எரிந்துகொண்டிருந்தது. ஹில்க்கா சமையலறை விளக்கைப் போட்டாள். கறி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள். உர்ப்போவைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். அவன் டிராக்டரில் வந்தான். சிலுவையை மட்டுமாவது இன்னொரு தடவை செதுக்கிப் பார்க்கிறேன் என்று கத்தி கொண்டுவந்திருந்தான். செதுக்கினான். அது இன்னும் கறுத்தது.

கார் வந்து நின்றது. ரௌனோ இறங்கினான். அவர்கள் இரண்டு பேரையும் தாண்டி அவன் பார்வை மரத்துக்குப் போயிற்று. தொப்பியைக் கழற்றினான்.

ஹில்க்கா ஓடிப்போய் அவன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தாள். கனத்த மேல்கோட்டுக்கு உள்ளிருந்து குளிர் அவள் உள்ளங்கைக்கு ஏறியது. "ரௌனோ! என்னைப் பாரு. வீட்டுக்கு வா."

அவன் அவளைப் பார்த்தான். முன்பின் தெரியாத பெண்ணுக்குச் செய்கிற மாதிரி மரியாதையாகத் தலை தாழ்த்தினான். "பண்டிகை வாழ்த்துகள்மா" என்றான். "நான் போகணும். எங்க ஆளுங்க காத்திருப்பாங்க."

அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உர்ப்போவும் சேர்ந்து இழுத்தான். வேர் விட்ட மாதிரி நின்றான். இழுத்து இழுத்து இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவன் யாரையும் கோபிக்காமல் பொறுமையாகக் காத்திருந்தான்.

"செத்தவங்களுக்குச் செத்தவங்களைத்தான் தெரியும்னு சொல்லுவாங்க" என்றான் உர்ப்போ அழுதுகொண்டே. "நம்மளை இவனுக்குத் தெரியாது, ஹில்க்கா. விட்டுடு."

"விட்டுடவா?" அவள் நிமிர்ந்தாள். கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என் பேரையும் வெட்டு."

"உனக்குப் பைத்தியமா?"

"கட்சி மாறினேன்னு வெட்டு. அவன் பேருக்குப் பக்கத்திலேயே வெட்டு."

"நான் மாட்டேன். ஒருத்தனைக் கொன்னது போதும்."

"கொன்னியே, அதுக்குப் பரிகாரம் செய்!" இத்தனை மாதம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவள் குரலில் வந்தது. "அவனுக்கு என்னைத் தெரிஞ்சா போதும். தெரிஞ்சா எங்கூட வருவான். காரை நான் ஓட்டறேன். ஹெல்சின்கியில ஒரு ரூம் இருக்கு, அங்க இருந்துக்கறோம். அவனைப் பனியில தனியா உக்கார விடமாட்டேன்."

"நீயும் அந்த மேட்டைப் பாத்துத் திரும்பினா?"

 அதை அவளும் யோசிக்காமல் இல்லை.

உர்ப்போ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "கல்லறைக்குத் திரும்பற இடத்தில பாதைக்குக் குறுக்கே டிராக்டரைப் போட்டு நிக்கறேன்" என்றான். "ஒரு பூச்சி போக விடமாட்டேன். நேரா போறதுதான் வழி. ஆனா ஹில்க்கா, இனிமே இந்தப் பக்கம் வரமுடியாது. வீடு?"

"வீட்டை நீ பாத்துக்கோ. மாட்டுக்குத் தண்ணி காட்டு. சிலுவை மறக்காம போடு."

அவன் வெட்டினான். இப்போதும் கோடு நேராகத்தான் விழுந்தது. முதல் எழுத்து முடிந்தபோது ஹில்க்காவின் விரல் நுனியில் குளிர் நின்றுவிட்டது. வருஷம் வெட்டும்போது, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தோமே என்று நினைத்தாள். எதை என்று நினைவு வரவில்லை. அது பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை. சிலுவையின் குறுக்குக் கோட்டை உர்ப்போ இழுத்து முடித்தான்.

"ஹில்க்கா!" என்றான் ரௌனோ. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நீ எப்ப வந்தே? எவ்வளவு நாளாத் தேடறேன் தெரியுமா உன்னை!"

அவன் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு இப்போது குளிரவில்லை. அவளும் சந்தோஷத்தில் அவனை இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு ஆள் கையில் கத்தியோடு நின்று விசும்பினான். பாவம், யாரோ. அவன் டிராக்டரில் ஏறி முன்னால் போனான். அதன் பின்னாலேயே போக வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஹில்க்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். ரௌனோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டான். காரைத் திருப்பும்போது வளைவுத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு தெரிந்தது. சமையலறையில் விளக்கு எரிந்தது.

"யார் வீடு அது?" என்று கேட்டாள்.

ரௌனோ குனிந்து பார்த்தான். "தெரியலையே. யாரோ யாருக்கோ காத்துக்கிட்டிருக்காங்க போல."

"பாவம்" என்றாள் ஹில்க்கா. டிராக்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்து வண்டியை விட்டாள்.